அப்பாலூர் மணியும் ஏழாவது பற்சக்கரமும்

1

சென்ற கிழமை ஊரிலிருந்து ஒரு குடமுழுக்கு மலர் அஞ்சலில் வந்து சேர்ந்தது. உத்திரமேரூர்ப் பெரிய ஏரியின் மறுகரையில் உள்ள சிற்றூர் ஒன்றின் அம்மன் கோயிலுக்கு எடுத்த விழாவின் மலர் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நான் நெதர்லாந்திலிருந்து உரிய காலத்தில் மிதிவண்டி உறுப்புகளை அனுப்பியதால்தான் அக்கோயிலின் மார்கழிப் பூசை தடைபடாமல் நடந்தது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். என் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டங்களைச் சேர்த்து நன்றியும் கூறியிருக்கிறார்கள். பட்டங்கள் இரண்டும் எனக்கு உரியவை அல்ல, அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நன்றியும் எனக்கு உரியதன்று என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பிழை களைவதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவன் நான். அச்சேறிய பிழையை எவரும் மறுக்காவிடில் அது நாளடைவில் சான்றாகிவிடும் என்பதை அறிவேன். அன்றியும் இச்செய்தியில் பிழை செய்தவனே நான். ஆகவே நடந்ததை நடந்தவாறு எழுதிவைக்கும் கடமை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அச்சிற்றூரார் கூச்சப்படக்கூடும் என்பதால் அதன் பெயரை எழுதாமல் அப்பாலூர் என்றே குறிக்கிறேன். ஏரிக்கு அப்பால் இருப்பதால் அப்பெயர் போதும்.

2

நான் இந்நாட்டுக்கு வந்தது எண்பதுகளின் இறுதியில். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு விளக்க அட்டவணை எழுதும் பணி. இரண்டு ஆண்டுகள் என்று சொல்லித்தான் துணைவியையும் மகனையும் அழைத்து வந்தேன். அட்டவணை வளர்ந்தது, மகனும் வளர்ந்தான், நாங்கள் தங்கிவிட்டோம்.

வந்த முதல் வாரத்தில் நகராட்சி அலுவலகத்தில் என் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு என்று விளக்கினேன். அவ்வெழுத்தின் விரிவு என்ன என்றார் எழுத்தர். கந்தசாமி என்றேன். அன்று முதல் இந்நாட்டின் அரசுக் கடிதங்கள் அனைத்தும் ‘அன்புள்ள திரு. கந்தசாமி’ என்றே தொடங்குகின்றன. உத்திரமேரூர் எல்லையைத் தாண்டிக் காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் மட்டுமே சென்றறிந்த என் தந்தையார், மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், குப்பை அள்ளும் நாள் மாறியதைப் பற்றி நெதர்லாந்து அரசிடமிருந்து தவறாமல் அறிவிப்புப் பெற்று வருகிறார்.

இங்கே நீதிபதியும் மிதிவண்டியில்தான் செல்கிறார். நானும் காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டு, எதிர்க்காற்றில் குனிந்து மிதித்து நூலகம் சேர்வேன். நாடு பலகைபோல் தட்டையானது. அப்படியிருக்க, என் மகன் நன்மாறன் பதினான்கு வயதில் மலையேறும் மிதிவண்டி வேண்டும் என்றான்.

“மலையே இல்லாத நாட்டில் மலைமிதிவண்டி எதற்கு?” என்றேன்.

“மலைக்காக அல்ல, அப்பா. நண்பர்களுக்காக,” என்றான்.

வீட்டில் நூல்நடைத் தமிழே பேச வேண்டும் என்பது நான் வைத்த விதி. அதை அவன் மறுக்காமல் கடைப்பிடித்தான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு குறைவாகப் பேசினான். விதியை மீறாமலேயே விலகும் வழி அது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. பிறகு படிப்புக்காக வேற்றூர் சென்றான். வண்டி கொட்டகையில் நின்றது. சென்னைக்குத் திரும்பிய நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பொருள்களைக் கப்பலில் ஏற்றியபோது, மகனைக் கேட்டு, அவ்வண்டியையும் உடன் ஏற்றி என் தம்பிக்கு அனுப்பிவைத்தேன்.

3

தம்பி கதிர்வேல் என்னினும் பத்து ஆண்டு இளையவன். எங்கள் குடும்பம் மூன்று கோயில்களுக்குப் பூசாரிக் குடும்பம். எங்கள் தெருப் பிள்ளையார் ஒன்று. ஏரியின் தென்கரை அம்மன் ஒன்று. அப்பாலூர் அம்மன் ஒன்று. நான் தமிழ் படிக்கப் போய் ஊரார் வாய்க்கு ‘வாத்தியார்’ ஆகிவிட்டதால் மூன்று மணிகளும் அவன் கைக்குச் சென்றன.

மற்ற மாதங்களில் இதில் இடர் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நண்பகலுக்குள் முடித்துவிடுவான். மார்கழியில்தான் சிக்கல். அம்மாதத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தன் கோயில் மணி கதிரவன் தோன்றுமுன் ஒலிக்க வேண்டும். கதிரவனோ மூன்று ஊருக்கும் ஒரே நேரத்தில் தோன்றுகிறான். சாலை வழியே சென்றால் அப்பாலூர் பதினோரு கிலோமீட்டர். ஏரிக்கரை மேல் சென்றால் நான்கே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கரை முழுதும் சேறும் மாட்டுவண்டித் தடமுமாக இருக்கும். மெல்லிய சக்கரமுள்ள ஊர் மிதிவண்டி பாதி வழியில் புதைந்துவிடும். மொபெட் ஓட்டக் கற்க முயன்று ஒருமுறை ஏரிக்குள்ளேயே இறங்கியவன் என் தம்பி; அதன்பின் அதைத் தொடவில்லை.

நான் அனுப்பிய வண்டி அந்தச் சேற்றில் ஓடியது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கைப்பிடியில் பூக்கூடையை மாட்டிக்கொண்டு, மலைக்காகச் செய்த வண்டியில் அவன் ஏரிக்கரை மேல் செல்லும் நிழற்படம் ஒன்று என் நூலக மேசையில் இருந்தது. பின்சக்கரத்தில் அடுக்கியிருந்த பற்சக்கரங்களின் திறத்தால்தான் அவன் சேற்றைக் கடக்கிறான் என்று கேட்டவர்க்கெல்லாம் விளக்குவேன்.

நெதர்லாந்தில் நாணயம் யூரோவாக மாறிய அடுத்த ஆண்டு, ஐப்பசியில், தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அனைவரும் நலம், ஏரி நிரம்பியது, வண்டி நன்றாக ஓடுகிறது, அழுத்தி மிதித்தால் மட்டும் சங்கிலி சற்று வழுக்குகிறது, புதுச் சங்கிலி போட்டும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தான். கடிதத்தின் ஓரத்தில் அவன் மனைவி மல்லிகா தன் கையால் சில வரிகள் சேர்த்திருந்தாள். அவற்றிலிருந்துதான் உண்மை நிலை தெரிந்தது. சென்ற மார்கழியில் நான்கு நாள் விடிந்த பின்னரே அப்பாலூர் மணி ஒலித்ததாம். அவ்வூர்ப் பெரியவர் முனுசாமி வீட்டுக்கே வந்து பேசியதை அவர் சொல் மாறாமல் எழுதியிருந்தாள்:

“கதிரு, நீ நல்லவன்தான். உன்ன வாணான்னு சொல்ல எங்களுக்கு மனசு வரல. ஆனா இந்த மார்கழியும் விடிஞ்சி வந்து மணி அடிச்சேன்னா, தை பொறந்ததும் காஞ்சிவரத்துலேர்ந்து ஆளு கூட்டியாந்துடுவோம். கோலம் போட்டுட்டுப் பொம்பளைங்க ஒக்காந்துக்கினு கீறாங்க, பேஜாராப் போவுது.”

மூன்று கோயில்களில் அப்பாலூரே பெரியது. அது போனால் மற்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு தம்பி குடும்பம் நடத்த இயலாது. மல்லிகா இதை எழுதியது அவனுக்குத் தெரியாது என்பதும் அந்த ஓரத்திலேயே இருந்தது.

4

சங்கிலி ஏன் வழுக்குகிறது என்பதை நூலகத்தில் ஒரு கையேட்டை எடுத்துப் படித்தேன். சங்கிலி நாளடைவில் நீளும். நீண்ட சங்கிலி பற்களையும் தனக்கேற்பத் தேய்த்துக்கொள்ளும். அதன்பின் புதுச் சங்கிலியை மட்டும் மாட்டினால் தேய்ந்த பல்லில் அது அமராது. ஆகவே முன்பற்சக்கரங்கள், பின்பற்சக்கர அடுக்கு, சங்கிலி மூன்றையும் ஒருங்கே மாற்ற வேண்டும். மூன்றும் ஒன்றற்கொன்று பொருந்த வேண்டும். பாடல், உரை, அரும்பதக் குறிப்பு மூன்றும் ஒரே சுவடியினவாக இருத்தல் வேண்டும் என்பதைப் போன்ற நெறி இது. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

உறுப்புகளுக்கெல்லாம் தூய தமிழ்ப் பெயரிட்டு, படம் வரைந்து, பற்களை எண்ணி எழுதுமாறு தம்பிக்கு இரண்டு பக்கக் கடிதம் விடுத்தேன். அவன் அதைக் கடைத்தெருவில் மிதிவண்டி பழுதுபார்க்கும் ஏகாம்பரத்திடம் படித்துக் காட்டியிருக்கிறான். “இன்னா பூசாரி, இது சைக்கிளா, கல்யாணப் பத்திரிகையா?” என்றாராம் ஏகாம்பரம். ஆயினும் இருவரும் அமர்ந்து எண்ணி எழுதி அனுப்பினார்கள்.

முன்னால் மூன்று: நாற்பத்திரண்டு, முப்பத்திரண்டு, இருபத்திரண்டு பற்கள். பின்னால் ஆறு: இருபத்தெட்டு, இருபத்துநான்கு, இருபத்தொன்று, பதினெட்டு, பதினாறு, பதினான்கு.

வண்டி வாங்கியபோது தந்த சிறுநூல் என்னிடம் இருந்தது. அதில் பின்னடுக்கு ஏழு சக்கரம் உடையது. முதல் ஆறும் தம்பி எழுதியவாறே எண்ணிக்கை பிசகாமல் இருந்தன. ஏழாவதாகப் பன்னிரண்டு பற்கள் கொண்ட மிகச் சிறிய சக்கரம் ஒன்று.

சுவடி படிப்போர் என் மகிழ்ச்சியை அறிவர். படியெடுப்பவன் ஒரு வரிசையின் ஈற்றில் உள்ளதை விட்டுவிடுவது மிக இயல்பான பிழை. ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்த சிறு சக்கரத்தைத் தம்பி காணாமல் விட்டான் என முடிவு செய்தேன். சிவப்பு மையால் அவன் கடிதத்தில் ‘ஆறு’ என்பதை அடித்து ‘ஏழு’ என்று எழுதி, ஓரத்தில் ‘பன்னிரண்டு: விடுபட்டது’ என்று குறித்தேன். தொலைபேசியில் ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஐயம் இருந்தால்தானே கேட்கத் தோன்றும்?

மிதிவண்டிகளில் தோய்ந்தவன் மகன். அவனையும் கேட்கவில்லை. அவன் மாதத்துக்கு ஒருமுறை வருவான், உண்பான், நாளிதழ் புரட்டுவான், போவான்.

நேரே கடைக்குச் சென்றேன். பல்லுக்கும் பற்சக்கரத்தின் பல்லுக்கும் டச்சு மொழியிலும் ஒரே சொல்தான். “என் தம்பியின் பற்கள் தேய்ந்துவிட்டன. முன்னால் மூன்றும் பின்னால் ஏழும் வேண்டும்,” என்றேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு நோக்கி, இரண்டு தெரு தள்ளிப் பல் மருத்துவர் இருப்பதாகச் சொன்னார். கடை நிறையச் சிரிப்பு. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: “பின்னடுக்கு திருகுவதா, செருகுவதா?”

சில சக்கரங்களில் பற்சக்கர அடுக்கை, அச்சு செல்லும் நடுக்குடத்தின் திருகுமரையில் திருகி ஏற்றுவார்கள். வேறு சிலவற்றில் வரிப்பள்ளம் உடைய உருளையில் செருகுவார்கள். புறத்தே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஏறாது.

“செருகுவது. சிறுநூலில் இருக்கிறது,” என்றேன்.

“சிறுநூல் இங்கே இருக்கிறது. சக்கரம் எங்கே இருக்கிறது?” என்றார்.

“இந்தியாவில்.”

“பார்த்தவரிடம் கேட்டுவிடுங்களேன்.”

தேவையில்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஏழடுக்கை எடுத்துத் தந்தார்.

5

நான் அனுப்பிய சிப்பம் சென்னை சேர்ந்ததும் சுங்க அலுவலகத்தில் நேரில் வந்து விளக்குமாறு தம்பிக்கு ஓலை வந்தது. பேருந்தேறிப் போயிருக்கிறான். நெற்றி நிறைய நீறும் தோளில் துண்டுமாக நின்றவனையும் பெட்டிக்குள் மின்னிய பற்களையும் அலுவலர் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்.

“இது இன்னா மிஷினுய்யா?”

“பூஜைக்கு சார்.”

“பூஜைக்கா? பல்லு பல்லாக் கீது?”

“அம்மனுக்கு சார். மார்கழிக்கு.”

அலுவலர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, எந்த அம்மனுக்கு என்று கேட்காமலேயே கையொப்பமிட்டாராம். இதைத் தம்பி கடிதத்தில் மிகச் சுவையாக எழுதியிருந்தான். சுவையான செய்திகளை அவன் ஒருபோதும் விட்டதில்லை.

கடைத்தெருவில் ஏகாம்பரத்தின் கடைக்கு அடுத்தாற்போல் தொலைபேசி நிலையம் ஒன்று உண்டு. குறித்த நேரத்தில் தம்பி அங்கே வந்து நிற்பான். சிப்பம் கிடைத்த ஞாயிறு அழைத்தேன்.

“வந்துச்சிண்ணா! இன்னா பளபளப்பு! தொடவே மனசு வரல.”

“பொருத்தியாயிற்றா?”

“ஏகாம்பரம் பாத்துக்கினு கீறாருண்ணா. ஆயிடும்.”

அடுத்த ஞாயிறும் ஆயிடும் என்றே விடை வந்தது. நான் நிறைவோடு தொலைபேசியை வைத்தேன்.

6

மூன்றாம் ஞாயிறு. மகன் தன் குளிர்கால மேலங்கியை எடுத்துப்போக வந்திருந்தான். அறையில் எங்கோ தேடிக்கொண்டிருந்தான். எனக்குக் காது சற்று மந்தம் என்பதால் தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுத்தான் பேசுவேன். அன்றும் அவ்வாறே அழைத்தேன்.

“யாரு, வாத்தியாரா? நான் ஏகாம்பரம் பேசறேன், சைக்கிள் கடை. பூசாரி இன்னும் வரல.”

“நலமா, ஏகாம்பரம்? உறுப்புகள் பொருத்தப்பட்டனவா?”

“இன்னாது?”

“சாமான் மாட்டியாயிற்றா என்றேன்.”

பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக் கடந்தது.

“வாத்தியாரே, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டியே?”

“மாட்டேன்.”

“நீ அனுப்பிச்சது இந்த வீலுக்கு ஜென்மத்துக்கும் ஏறாது. இது வேற வீலு. உன் வீலு உள்ள ஒடஞ்சி ரெண்டு வருசம் ஆவுது. மெட்ராஸ்லேர்ந்து வேற வாங்கியாந்து நான்தான் போட்டேன். இதுல திருவுற ப்ரீவீலு. நீ அனுப்பிச்சது செருவுறது. இதுல ஆறுதான் கீது. ஆறுன்னுதானே எழுதி அனுப்பினோம்? நீ ஏழு அனுப்பி வெச்சிக் கீறே.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாதுன்னு என்னாண்ட கற்பூரம் அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு உன் தம்பி. அண்ணன் ஆசையா அனுப்பிச்சது, ஒடஞ்சிடுச்சின்னா மனசு ஒடஞ்சிடுவாருன்னு. ஒடஞ்ச வீல தூக்கிப் போட்டாரா? அதுவும் இல்ல. வூட்டுல ஆணி அடிச்சி மாட்டி வெச்சிக்கினு, ஆயுத பூஜைக்கு அதுக்குத்தான் மொதப் பொட்டு. இப்ப சத்தியத்த மீறிட்டேன். அம்மன் என்னியத்தான் கேக்கும். பரவால்ல, மார்கழி பொறக்க எட்டு நாளுதான் கீது, சொல்லாம இன்னா பண்றது?”

மேசையில் சிவப்பு மைக் கடிதம் கிடந்தது. என் பணிக்காலத்தில் எத்தனையோ பதிப்பாளர்களை, கண்ட பாடத்தை விட்டுக் காணாத பாடத்தைக் கொண்டார் என்று கடிந்து எழுதியிருக்கிறேன். அக்கடிதத்தை எடுத்துப் புத்தகம் ஒன்றின் அடியில் வைத்தேன்.

மகன் மேலங்கியோடு கதவருகில் நின்று அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வந்து அமர்ந்து, தொலைபேசியைத் தன்பால் திருப்பிக்கொண்டான்.

“வணக்கம். நான் நன்மாறன். அச்சக்கரம் இப்போது தங்கள் கையில் இருக்கிறதா?”

“யாருப்பா இது, ரேடியோல நியூஸ் படிக்கிறாப்ல?”

மகன் சிரித்துவிட்டான். “உங்கள் வாத்தியாரின் மகன்.”

“அடடே, பூசாரியோட அண்ணன் புள்ளையா! அதான் இந்தத் தமிழு! தம்பி, இந்த வண்டி உன்துதானே? பிரேக் கைப்பிடிக்குக் கீழ ஏதோ இங்கிலீஷுல சொரண்டி வெச்சிக் கீற. நான் பெயிண்ட் அடிக்கும்போதுகூட அத வுட்டுட்டுத்தான் அடிச்சேன்.”

மகன் மேலங்கியை நாற்காலியின் முதுகில் மாட்டினான். பிறகு, “ஆம். அது என் பெயர்தான்,” என்றான்.

அதன்பின் அவர்கள் பேசியதில் எனக்கு இடமில்லை. திருகும் வகையில் ஆறடுக்கு சென்னையில் கிடைக்காதா என்றான் இவன். கேட்டாயிற்று, சரக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்றார் அவர். இங்கிருந்து அனுப்பினாலும் அதற்குள் சேராது என்றான்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. பூசாரிக்கு எதுக்கு ஆறு பல்லு? ஏரிக்கர மேல ஏத்தமா எறக்கமா? சேறுதான் கீது. சேத்துக்கு டயரு பெருசா இருந்தா போறும். அவரு கியர மாத்தி நான் பாத்ததே இல்ல.”

“ஒருபோதுமா?”

“மாத்தினா சத்தம் வருதுன்னு பயந்துக்கினு ஒரே பல்லுலயேதான் ஓட்டறாரு.”

அத்தனை ஆண்டுகள் நண்பர்களிடம் நான் அளித்த விளக்கம் அக்கணமே சரிந்தது.

“நம்ம ஊரு சைக்கிள் ப்ரீவீலு ஒண்டிப் பல்லு. அதுவும் இதே மரைதான். திருவிட்டா முடிஞ்சிது,” என்றார் ஏகாம்பரம். அவர் பல் என்றது ஒரு முழுப் பற்சக்கரத்தை.

மகன் நாளிதழின் ஓரத்தில் கணக்குப் போடத் தொடங்கினான். “ஆனால் அப்பா அனுப்பிய சங்கிலி மெல்லியது. உங்கள் பல்லின் மேல் அமராது.”

“ஒக்காராது. நம்ம பட்டை செயினே போட்டுடறேன். கணு அளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதானே, அகலம்தான் வேற. முன்னாடி பெரிய வட்டு மட்டும் நீங்க அனுப்பின புச்சு. அது மேல நம்ம செயின் நல்லா ஓடும்.”

“நாற்பத்திரண்டுக்குப் பதினெட்டு. சரியாக வரும். சங்கிலியை இழுத்துப் பிடிக்க வழி உண்டா?”

“வீல பின்னாடி தள்ளி முடுக்கிப் பாக்கறேன். கொஞ்சம் எடம் கீது.”

இருபது நிமிடம் பேசினார்கள். தொலைபேசியை வைத்த பின் மகன் நாளிதழ் ஓரத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்:

“என்னை ஏன் நீங்கள் கேட்கவில்லை, அப்பா?”

“உனக்கு வேலை இருக்கும் என்று எண்ணினேன்.”

“சித்தப்பாவும் உங்களைப் பற்றி ஏதோ எண்ணிக்கொண்டுதான் சொல்லாமல் இருந்திருக்கிறார்,” என்றான். கடிந்து சொல்லவில்லை. அன்று இரவு உணவுக்குத் தங்கினான்.

7

மார்கழி முதல் நாள், ஊரில் நண்பகல் ஆகும் வேளையில் அழைத்தேன். தம்பியே எடுத்தான். வழக்கமாக ‘எல்லாம் நல்லா கீதுண்ணா’ என்று தொடங்குபவன் அன்று எடுத்த எடுப்பில், “லேட்டுண்ணா,” என்றான்.

நான் நாற்காலியில் அமர்ந்தேன்.

“ரெண்டு கோயிலு டைமுக்கு முடிச்சிட்டேன். ஏரிக்கர பாதி போனதும் செயின் கழண்டுக்கிச்சி. மாட்டினேன். திரும்பக் கழண்டுச்சி. வண்டியத் தள்ளிக்கினே ஓடினேன். நான் போறதுக்குள்ள கெழக்க செவந்துப் போச்சி. கோயில் வாசல்ல ஒரு கூட்டமே ஒக்காந்துக்கினு கீது.”

“முனுசாமி?”

“அவருதான் மொதல்ல எழுந்து வந்தாரு. என் கையப் பாத்தாரு. முழங்கை வரைக்கும் கிரீஸு. வேட்டியும் கிரீஸு. ‘இன்னாடா கதிரு’ன்னாரு. ‘செயின் கழண்டுச்சி, தள்ளிக்கினே வந்தேன்’னேன். அவரு கரை மேல கீற ரெட்டப் பனைய காட்டி, ‘அந்தப் பனைக்கு மேல சூரியன் வந்தாதான்டா நம்மூருக்கு விடிஞ்சதா அர்த்தம். இன்னும் வரல. போய் கைய கழுவிக்கினு மணிய அடி’ன்னாரு.”

“பிறகு?”

“கூட்டத்துலேர்ந்து ஒரு அம்மா, ‘போன வருசம் இல்லாத பனை இந்த வருசம் எங்கேர்ந்து மொளச்சிது?’ன்னு கேட்டுச்சி. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நான் கைய கழுவிக்கினு போயி மணி அடிச்சேண்ணா.”

பின்னர் அவனே, “அண்ணா, அந்த வீலு ஒடஞ்சி ரெண்டு வருசம் ஆச்சி,” என்றான்.

“தெரியும், கதிரு.”

“ஏகாம்பரம் சொல்லிட்டாரா?”

“சொல்லிவிட்டார். நீ ஆறு என்று சரியாக எழுதியதை நான்தான் ஏழு என்று அடித்துத் திருத்தினேன்.”

“போவட்டும்ண்ணா. ஒங்க ஏழு பல்லு அந்தப் பழைய வீல்ல கச்சிதமா ஏறிடுச்சி. ஏகாம்பரம் மாட்டி வெச்சாரு. செவுத்துல பாக்கறதுக்கு இன்னா அழகா கீது தெரியுமா? என்ன, சுத்தாது.”

அன்று மாலையே ஏகாம்பரம் சங்கிலியில் ஓர் இணைக் கணுவைக் கழற்றிச் சக்கரத்தை இறுக இழுத்து முடுக்கிவிட்டார். அம்மாதத்தில் அதன்பின் ஒருநாளும் சங்கிலி கழலவில்லை. இரட்டைப் பனையின் துணையும் பிறகு வேண்டியிருக்கவில்லை. தை பிறந்தது, காஞ்சிபுரத்துக்கு எவரும் ஆள் தேடிப் போகவில்லை. அப்பாலூர் மணி இன்றும் தம்பியின் கையில் இருக்கிறது.

உடைந்த சக்கரத்தின் உள்ளுறுப்பு ஒன்றை மட்டும் மாற்றினால் அது சுற்றும், நானே கொண்டுவருகிறேன் என்று மகன் பொங்கலன்று தம்பியிடம் சொன்னான். முன்னாளாயின், ‘கொண்டாப்பா, ரொம்ப நல்லா இருக்கும்’ என்று ஏற்றுக்கொண்டு அதையும் ஆணியில் மாட்டியிருப்பான் என் தம்பி. இம்முறை, “வாணாம்பா. எனக்கு ஒண்டிப் பல்லே போறும். நீ வெறுங்கையோட வா,” என்றான். மகன் அவ்வாண்டுக் கோடையில் வெறுங்கையோடு சென்று வந்தான். இருபது நாளில் பெரும்பகுதியை மிதிவண்டிக் கடையில் கழித்தான் என்று மல்லிகா எழுதினாள். திரும்பி வந்தவன் வீட்டுக்குள் நுழைந்ததும், “இன்னாப்பா, நல்லா கீறியா?” என்றான். நான் வைத்த விதியை அன்றைக்கு எடுத்துவிட்டேன்.

தம்பியின் கடிதங்களும் மாறிவிட்டன. கிணற்று மோட்டார் கருகியது, மல்லிகாவுக்கு முழங்கால் வலி, தென்கரைக் கோயில் கூரை ஒழுகுகிறது என்று கெட்ட செய்தியிலிருந்தே தொடங்குகின்றன. படிக்கத் துன்பமாகத்தான் இருக்கிறது. நானும் அவ்வாறே எழுதுகிறேன். செவி மேலும் மந்தமானதையும், பணி ஓய்வு பெற்ற நாளில் வீடு திரும்ப வழி தெரியாதவன்போல் இரண்டு மணி நேரம் கால்வாய்க் கரையில் நின்றதையும் அவனுக்குத்தான் முதலில் எழுதினேன்.

8

ஆகவே மார்கழிப் பூசையைக் காத்தவர் யார் என்று வரலாறு எழுதுவோர், ஏகாம்பரத்தையும் அப்பாலூர் முனுசாமியையும் குறிக்க வேண்டுகிறேன். நான் அனுப்பிய உறுப்புகளுள் வண்டியில் எஞ்சியது நாற்பத்திரண்டு பற்கள் கொண்ட முன்வட்டு ஒன்றே. அதற்குரிய அளவில் என் பெயரைச் சிறிய எழுத்தில் போட்டால் மறுக்கமாட்டேன், பட்டங்கள் வேண்டா.

இக்குறிப்பிலும் பிழைகள் இருக்கக்கூடும். ஏகாம்பரம் திருகிய ஒற்றைப் பற்சக்கரத்தின் பற்கள் பதினெட்டு என மகன் சொன்னதையே எழுதியுள்ளேன். நான் எண்ணிப் பார்க்கவில்லை. அம்மனின் முன்னிலையில் அன்று பனையைப் பற்றிக் கேட்ட அம்மையாரின் பெயரும் எனக்குத் தெரியாது. ஏரிக்கரை வழி நான்கு கிலோமீட்டர் என்பது என் இளமைக்கால நினைவு. கரையை அதன்பின் வளைத்துக் கட்டியிருக்கலாம். உத்திரமேரூர்ப் பக்கத்து அன்பர்கள், வண்டியையும் கரையையும் கண்டவர்கள், குற்றம் காணின் இக்குறிப்பு வெளிவரும் இதழின் முகவரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். எழுதுவதை எழுதியபடியே சேர்த்துக்கொள்வேன். ஐயம் எழுந்தால் தொலைபேசியில் கேட்பேன். என் பக்கத்தில் நண்பகலுக்கு முன் என்றால் கடைத்தெருத் தொலைபேசியை யாரேனும் எடுத்துவிடுகிறார்கள்.